புது கியரா, ஏலகிரியா: பழைய சீவரம் மேட்டில் ஒரு பரீட்சை

இந்தப் பயணம் போகவர ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்தான். காஞ்சிபுரத்திலிருந்து திருமுக்கூடல் போய்த் திரும்பியதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்காதீர்கள். மாட்டுப் பொங்கலன்று விடியற்காலையில் கிளம்பியபோது, அன்று ராத்திரிக்குள் நான் ஒரு முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. அந்த முடிவு கிடைத்த விதம் என் வாழ்நாளில் மறக்காது, அதனால் எழுதுகிறேன். பழைய கியரை வைத்துக்கொண்டு புதுசு வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்களுக்கும் உதவும்.

விஷயம் இதுதான். என்னிடம் ஏழு வருடமாக ஒரு மலைச் சைக்கிள் இருக்கிறது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. ஏனாத்தூரில் நான் வைத்திருக்கும் மருந்துக்கடைக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் குழுவோடு ஊர்சுற்றல். போன வருடம் குழுவாக ஏலகிரி ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு மூச்சு போய்விட்டது. இறங்கி, மிச்ச மலையைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் போட்டோ எடுத்து முடித்து, மிளகாய் பஜ்ஜியும் தின்று முடித்திருந்தார்கள். பஜ்ஜி போனதுகூடப் பரவாயில்லை, போட்டோவில் நான் இல்லாததைப் பொறுக்க முடியவில்லை. இந்த பிப்ரவரியில் மறுபடியும் போகிறோம். பதினான்கு வளைவையும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, தீபாவளி சமயத்திலிருந்து கியர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மேட்டில் இலகுவான கியருக்கு மாற்றினால் மாறாது. கொஞ்ச தூரம் போனபின் அதுவாக மனசு வந்து, டக்கென்று குதிக்கும். மிதிக்கிற கால் வெறும் காற்றில் இறங்கும். வாரா வாரம் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டேன். வீடியோவைப் பார்த்த அத்தனை பேரும் ஒரே குரலில் தீர்ப்பு சொன்னார்கள்: மொத்த செட்டும் தேய்ந்துவிட்டது, கழற்றி எறி, முன்னால் ஒரே பல்சக்கரம் பின்னால் பத்து என்று இப்போது வருகிறதே, அதைப் போடு.

சென்னைக் கடை ஒன்றில் போனில் விசாரித்தேன். பொருத்தும் கூலி சேர்த்து 11,800 ரூபாய். சீட்டு எடுத்து நான் தனியாக வைத்திருந்தது 12,000. ஏலகிரிக்கு வேன், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 4,500. ஆக, கியர் வாங்கினால் ஏலகிரி கிடையாது. ஏலகிரிக்குப் பணம் கட்டினால் இதே கியரோடு போய் இன்னொரு வருடமும் தள்ள வேண்டியதுதான். மாட்டுப் பொங்கல் ராத்திரி எட்டு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் லோகநாதனிடம் புலம்பினேன். அவர் நெசவுக் குடும்பம். அவருடைய அண்ணன் வீட்டில் இரண்டு தறி சக்கைப்போடு போடுகிறது, இவர் மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். "கியரே வாங்கிக்கோ பானு. ஏலகிரி எங்கியும் ஓடிப்போவாது" என்றார். "ஏலகிரி ஓடாதுங்க. என் முட்டி ஓடிப்போயிடும். நாப்பத்தியொண்ணு ஆவுது" என்றேன். சரி, ஒரு நாள் மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றார். எங்கள் பக்கம் மேடு என்று சொல்ல இருப்பது பழைய சீவரம் குன்றுதான்.

காலை 5.40க்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பினேன். கடைக்கு அன்று விடுமுறை, அதனால் அந்த நாள். மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊர்ப் பெருமாள் வரதர் பாரிவேட்டை உற்சவத்துக்காகப் பழைய சீவரம் போகிறார் என்பது, அவர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அதே சாலையில் நானும் போகப்போகிறேன் என்பது மட்டும் ஏனோ மண்டையில் உறைக்கவில்லை.

ஐயம்பேட்டை எட்டு கிலோமீட்டர். அங்கே ஒரு டீ, 12 ரூபாய். வாலாஜாபாத் பதினாறாவது கிலோமீட்டர், 6.50க்குத் தாண்டினேன். சமதரையில் கியர் பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை. பனி இன்னும் விலகவில்லை, வாசலெல்லாம் கோலம், வழியெல்லாம் கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டு நிற்கிற மாடுகள். இந்த வேகத்தில் போனால் ஏழரைக்குள் குன்றடியில் இருப்பேன் என்று கணக்குப் போட்டேன்.

வாலாஜாபாத்துக்கு அடுத்து இரண்டு கிலோமீட்டர் போனதும் கணக்கு அடிபட்டது. சாலையை அடைத்துக்கொண்டு ஜனம். அதற்கு முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் இரண்டு பெரிய வெள்ளைக் குடை. ஊர் ஊராக நின்று மண்டகப்படி வாங்கிக்கொண்டு வரதர் போய்க்கொண்டிருந்தார். ஓரமாக நுழைந்து போகலாமா என்று பார்த்தேன். பந்தோபஸ்தில் நின்ற போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

"யம்மா, சாமிய முந்திக்கினு எங்க போற? அங்கியேதான் அவரும் வர்றாரு."

"மேடு ஏறிப் பாக்கணும் சார்."

"அவரும் மேடு ஏறத்தாம்மா போறாரு. பின்னாடியே வா."

மறுபேச்சு பேச முடியுமா? பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு, கொஞ்ச தூரம் நடைவேகத்தில் மிதித்துக்கொண்டு. நாலைந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட எனக்கு எரிச்சல் வரவில்லை. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் தொன்னையில் புளியோதரை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் என்னைக் கேட்காமலேயே சைக்கிள் கம்பியில் ஒரு கரும்பைக் கட்டிவிட்டார். உடம்பைக் குறைக்கச் சைக்கிள் ஓட்டுபவர்கள் இந்த நாளில் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பழைய சீவரம் சேர்ந்தபோது மணி 8.45. வரதர் குன்றின் மேல் இருக்கும் மண்டபத்துக்கு ஏறினார். கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு, கூட்டத்திலிருந்து விலகி என் பாதையைத் தேடிப் போனேன். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு காலத்தில் கல் ஏற்றிய லாரிகள் போய்வந்த மண்பாதை ஒன்று இருக்கிறது. நீளம் அறுநூறு மீட்டர்தான், ஆனால் மூன்று வளைவு. கடைசி வளைவு வீட்டு மாடிப்படி மாதிரி நிமிர்ந்து நிற்கும். உருண்டைக் கல்லாகக் கிடப்பதால் வேகம் விட்டால் சக்கரம் வழுக்கும்.

முதல் வளைவு சரி. இரண்டாவதில் கியரைக் குறைத்தேன், மாறவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். மூன்றாவது வளைவின் வாயில், அதுவும் நான் எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கும்போது, டக்கென்று குதித்தது. கால் இறங்கியது, முழங்கால் கம்பியில் இடித்தது, கரும்பும் நானும் சைக்கிளும் ஓரத்து முள்செடிப் பக்கம் சாய்ந்தோம். பெரிய அடி இல்லை. ஆனால் பரீட்சையின் விடை தெரிந்துவிட்டது. அந்தப் பாதையோரத்தில் உட்கார்ந்து, கரும்பைக் கடித்துக்கொண்டு, குழுவுக்கு ஒரு செய்தி தட்டினேன்: "இந்த வருஷம் நான் வரவில்லை." அனுப்ப மனசு வரவில்லை. எட்டு மணி வரை நேரம் இருக்கிறதே என்று போனைப் பைக்குள் போட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்பதை மறைக்க என்ன இருக்கிறது?

வந்ததே வந்தோம் என்று பாலத்தைத் தாண்டித் திருமுக்கூடலுக்கு மிதித்தேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். பொங்கல் சமயமாதலால் அங்கங்கே தண்ணீர் மினுங்கியது. இங்கே கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே நடந்த மருத்துவமனையையும், அதில் இருப்பு வைத்த மருந்துகளையும் பற்றிச் சொல்லும் கல்வெட்டு. மருந்துக்கடைக்காரி நான், எப்போது வந்தாலும் அந்தச் சுவர் முன்னால் இரண்டு நிமிஷம் நிற்பேன். போகிறவர்கள் தவறாமல் பாருங்கள்.

கோயிலைத் தாண்டி நிழல் தேடிப் போன தெருவில் ஓர் அம்மாள் இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிராக்டர் ஒன்று சாமந்தி மாலையோடு நின்றது. அந்த அம்மாள் பெயர் செல்வி, விவசாயக் குடும்பம். தண்ணீர் கேட்டேன். சொம்பு நிறையக் கொடுத்துவிட்டு என் முழங்காலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, உழுந்துக்கினு வந்தியா?"

கதையைச் சொன்னேன். பாதிக் கதையிலேயே சந்தனக் கிண்ணத்தோடு எழுந்துவிட்டார்.

"அப்பிடின்னா அதுக்குத்தான் மொதல்ல வெக்கணும். மாட்டுக்கு வெச்சாச்சு, டிராக்டருக்கு வெச்சாச்சு. உன் வண்டி மட்டும் மூளியா இருக்குது பாரு. எது மக்கர் பண்ணுது, காட்டு."

பின்சக்கரத்துப் பக்கம் தொங்கும் டீரெயிலரைக் காட்டினேன். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுகிற சின்னக் கை அது. மேலெல்லாம் கறுப்பாக அழுக்கு. பொட்டு ஒட்டாது என்று செல்வி அம்மாள் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தார். கறுப்பு உரிந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது. இன்னும் தேய்த்தார். மஞ்சளுக்கு நடுவே சிவப்பு.

"ஏம்மா, இங்க ஏற்கெனவே வெச்சிருக்குது! இதோ இன்னொண்ணு. கீழயும் இருக்குது. எத்தினி பொட்டு வெச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். டீரெயிலரின் நாலு கீலிலும் சந்தனம். செயின் சுற்றி வரும் இரண்டு சின்னச் சக்கரத்தின் நடுவிலும் சந்தனம். கியர் கம்பி உறைக்குள் நுழைகிற வாயில் ஒரு கெட்டி உருண்டை. அதன்மேல் வாரா வாரம் நான் விட்ட எண்ணெயும், ரோட்டுப் புழுதியும் சேர்ந்து சிமெண்டாக இறுகிவிட்டிருந்தன. எனக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆயுத பூஜையன்று நான் கடைக்குப் பூஜை போட பஸ்ஸில் ஏனாத்தூர் போயிருந்தபோது, வீட்டிலிருந்த வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தவர் முகம்.

போன் போட்டேன். கூப்பிட்டு நாற்பதாவது நிமிஷம் ஸ்கூட்டரில் வந்து நின்றார் லோகநாதன். நான் டீரெயிலரை நோக்கி விரலை நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்டுல ஆயுத பூஜைக்குத் தறியில எதெது ஆடுதோ அதுக்கெல்லாம் பொட்டு வெப்போம் பானு. மிதி, விழுது, பண்ணை, நாடா, ஒண்ணு விட மாட்டோம். போன வருஷம் நீ ஏலகிரில அவ்ளோ கஷ்டப்பட்டியே, உன் வண்டிக்கும் ஒண்ணுகூட விடக்கூடாதுன்னு வெச்சேன். உன் வண்டியில ஆடுற எடம் ஜாஸ்திமா."

செல்வி அம்மாள் சிரித்த சிரிப்பில் மாடு திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண் கலங்கிவிட்டது. மரத்தறி தாங்கும் பொட்டை இந்தச் சின்னக் கை தாங்காது என்று இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மூன்று மாதமாக நான் திட்டிய அத்தனை திட்டும், எனக்காக ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து வைத்த பொட்டுக்குத்தான் போயிருக்கிறது. இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிராக்டருக்கு வைத்திருந்த டீசலில் கொஞ்சம் கொட்டாங்கச்சியில் வாங்கி, தேங்காய் நாரால் நாங்கள் மூவரும் மாறி மாறித் தேய்த்தோம். சந்தனம் லேசில் போகவில்லை. ஊக்கால் சுரண்டி எடுத்தோம். கம்பியை உறையிலிருந்து உருவித் துடைத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. செயின் எண்ணெய் என் பையில் இருந்தது, இரண்டு சொட்டு விட்டேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி கியரை அழுத்தினால், எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு மாறின. செல்வி அம்மாள் விடவில்லை, கிண்ணத்தோடு மறுபடி வந்தார். "ஆடாத எடமா பாத்து வைங்கக்கா" என்று கெஞ்சினேன். ஹேண்டில் நடுவில் ஒரு பொட்டு வைத்து, எங்களுக்குச் சோறும் போட்டுத்தான் அனுப்பினார்.

சாப்பிட்டபின் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. என் பழைய சைக்கிளில் முன்னால் சின்னச் சக்கரத்துக்கு 22 பல், பின்னால் பெரியதற்கு 32. ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும், துல்லியமாக 0.69. கடைக்காரர் சொன்ன புது செட்டில் முன்னால் 32, பின்னால் 46. அது 0.70. அதாவது 11,800 ரூபாய் கொடுத்து வாங்கும் மிக இலகுவான கியர், என்னிடம் ஏற்கெனவே இருப்பதைவிட ஒரு மயிரிழை கடினம்! புது செட்டில் வேறு வசதிகள் உண்டு, மறுக்கவில்லை. ஒரே கையால் எல்லாம் மாற்றலாம், குண்டும் குழியுமான பாதையில் செயின் அவ்வளவாகக் கழலாது. ஆனால் மேடு ஏற அது எனக்கு ஒன்றும் கூட்டித் தரப்போவதில்லை.

மாலை நாலரைக்கு மறுபடி அதே மண்பாதை. லோகநாதன் ஸ்கூட்டரைக் கீழேயே நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, கியர் சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது வளைவில் கடைசிக் கியருக்குப் போனேன். ஒரு சத்தம் இல்லை. ஆனால் பாதி வளைவில் கால் இரண்டும் ஈயமாகக் கனத்தன. இனி கியரைக் குறை சொல்ல முடியாது, நான்தான் பாக்கி. அப்போது பின்னாலிருந்து அவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்: "பானு, உட்டுடாத! மிதி! மிதி! மிதிம்மா!" எதிரே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறின. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் மூச்சு போகும், சிரிக்காமலும் இருக்க முடியவில்லை. மிதித்தேன். சக்கரம் சமதரையைத் தொட்டபோது இரண்டு காலும் மிதியின் மேல்தான் இருந்தன. மேலே நின்று பார்த்தால் ஆற்றுப் பக்கம் கூட்டமும், வரதரின் இரண்டு குடையும் தெரிந்தன. அவரும் மலையிறங்கித் திருமுக்கூடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் ஓடிவந்து மூச்சு வாங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரைச் சொல்கிறேன்.

இனி உங்களுக்கு உபயோகமானவை. மாட்டுப் பொங்கலன்று இந்தப் பாதையில் சைக்கிளில் வருவதாக இருந்தால் வாலாஜாபாத்தை ஆறு மணிக்குள் தாண்டப் பாருங்கள், அல்லது என்னைப் போல ஊர்வலத்தோடு வந்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மற்ற நாளில் காஞ்சிபுரத்திலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் தாராளம். மண்பாதையில் தனியாக ஏறாதீர்கள், கையுறை போடுங்கள், தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். எனக்கு அன்றைய மொத்தச் செலவு 12 ரூபாய், அந்த டீக்கு.

கியர் விஷயத்தில், பணத்தை எடுப்பதற்கு முன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவுங்கள். வீடியோவைப் பார்த்து வைத்தியம் சொல்பவர்களை நம்பாதீர்கள், நான் கடையில் அப்படி மருந்து கொடுத்தால் என்னை உள்ளே தள்ளுவார்கள். கழுவியபின்னும் மக்கர் என்றால் கம்பியையும் உறையையும் மாற்றுங்கள், 400 ரூபாய்க்குள் முடியும். அடுத்து, டீரெயிலரைப் பிடித்திருக்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம் செயின் தேய்மானம். என் செயின் நிஜமாகவே தேய்ந்துதான் இருந்தது, மறுநாள் அளந்து பார்த்ததில் தெரிந்தது. செயினும் பின்பக்கப் பல்சக்கர அடுக்கும் கூலியோடு 2,750. இத்தனையும் செய்தபின் உங்கள் மிக இலகுவான கியர் எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். புதுசு அதைவிட இலகுவாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ராத்திரி 7.40க்கு, எழுதி வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, குழுவுக்குப் புதுசாக அனுப்பினேன். ஏலகிரிக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர், 9,000 ரூபாய் அனுப்பியாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் உடனே கூப்பிட்டார். "மேடம், உங்க ஹஸ்பெண்ட் சைக்கிளே ஓட்ட மாட்டாரே, மலையில வந்து என்ன பண்ணுவாரு?"

"பதினாலு வளைவுலயும் நின்னு என் பேரைச் சொல்லிக் கத்துவாரு" என்றேன்.